ஃபில்டரைச் சுத்தம் பண்ணீங்களா, மேடம்?

துணி உலர்த்தும் மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது மக்கர் செய்து எனக்குப் போன் செய்கிறவர்கள் பொய் சொல்வார்கள், அவ்வளவுதான். எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது காய்ச்சுப்போனவன் சொல்கிறேன். டிரையர் கம்பெனியின் உதவி எண்ணைச் சுழற்றினால், “வணக்கம், சொல்லுங்க” என்று ஒரு குரல் வரும் இல்லையா, அந்தக் குரல் நான்தான். தேன் ஒழுகும். வீட்டில் விசாரித்தால் வேறு மாதிரி சொல்வார்கள்.

எங்கள் ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் பதினோரு கேள்விகள். வரிசை மாறக் கூடாது, ஒன்றையும் தாண்டக் கூடாது. முதல் கேள்வி, பிளக் சொருகியிருக்கிறதா என்பது. இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், என்னைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார். போனில் எதுவுமே தெரியவில்லை ஐயா என்றேன். அரை நிமிடம் கழித்து மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தீர்ப்பு எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

அப்புறம் கதவு கிளிக் என்று மூடியிருக்கிறதா, பட்டனை விடாமல் அழுத்தினீர்களா, துணியைத் திணித்து வைத்திருக்கிறீர்களா, பாக்கெட்டுகளைக் காலி செய்தீர்களா என்று போகும். டிரம் உடைந்துவிட்டது, உள்ளே இரும்பு இடிக்கிறது என்று ஒருவர் கம்பெனியையே இழுத்து மூடும் அளவுக்குக் கத்தினார். ஐந்தாவது கேள்வியில் அவருடைய வீட்டுச் சாவி கிடைத்தது. மூன்று நாளாகப் பூட்டை உடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாராம்.

ஆறாவதுதான் முக்கியமான கேள்வி. ஃபில்டரைச் சுத்தம் பண்ணீங்களா? துணியிலிருந்து உதிரும் பஞ்சையெல்லாம் அந்தச் சின்ன வலைதான் பிடித்து வைக்கிறது. அது அடைத்துக்கொண்டால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் துணி காயாது, குழந்தைக்குக்கூடப் புரியும். கேட்டால் எல்லோரும் பண்ணினேன் என்பார்கள். அதிலும் ‘ஒவ்வொரு தடவையும்’ என்று அழுத்திச் சொல்கிறவர்கள், வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். இவர்களுக்காகவே நான் ஒரு யோசனை சொன்னேன். கம்பெனி அதை அப்படியே அட்டையில் அச்சடித்துவிட்டது. ஆறாம் கேள்விக்குக் கீழே இரண்டாவது வரி: ‘நன்றி. இப்போது ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?’ யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை பாருங்கள். ஆனால் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு குரல் இறங்கி வரும். அந்த ஒரு வரிக்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை ஒரு டிரையரையும் திறந்து பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைதான்.

நான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் ஒரு டிரையர் வந்தது. குளியலறைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட முடியாத ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே வைத்தோம். கம்பெனி ஆள் வந்து மாட்டினார். மெஷினின் முதுகிலிருந்து ஒரு பெரிய குழாய் கிளம்பி, ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. என் மனைவி அவரிடம் குடைந்து குடைந்து கேள்வி கேட்டாள். நான் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். கை அவ்வளவு லேசு. ஆள் பயந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் பஞ்சை வைத்து, ஆச்சு, எழுந்திருங்க என்பாள். அவளிடமும் பொய் சொல்கிறவர்கள் உண்டு. மீசையில் பிஸ்கட் தூளோடு வந்து, வெறும் வயிறுதான் என்பார்கள். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேச மாட்டாள். இன்னிக்குக் கூட்டமா இருக்கு, நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துடுங்க என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வந்தவருக்கு மானம் போகாது. எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தெரிய எட்டு வருடமும் ஒன்பது நாளும் ஆயிற்று.

அந்த ஒன்பது நாள் ஒரு வியாழக்கிழமை ஆரம்பித்தது. நான் அன்று அறுபது பேரிடம் பேசிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் கையில் ஒரு துண்டோடு வந்து, இரண்டு சுற்று விட்டும் துணி காயவில்லை, என்னவென்று பாருங்கள் என்றாள்.

“ஃபில்டரைச் சுத்தம் பண்ணியா?” என்றேன்.

“ஒவ்வொரு தடவையும் பண்றேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றினேன். அவள் கத்தவில்லை. துண்டை நாற்காலி முதுகில் போட்டாள். ஊரில் யார் யாரோ போன் செய்தால் மேடம், சார் என்று உருகுகிறீர்கள், எனக்கென்று மிச்சம் வைத்துக் கொண்டுவருவது இதுதானா என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சுவார்த்தை முழுக்க ஃப்ரிட்ஜ் கதவில்தான் நடந்தது. ‘பால் இல்லை.’ ‘சாவி மேசை மேல்.’ ‘குழாய் ஒழுகுகிறது.’ அவள் சாதாரணமாக முற்றுப்புள்ளி வைக்கிற ஆளே இல்லை. இந்தச் சீட்டுகளில் ஒவ்வொன்றிலும் பேனா முனை காகிதத்தைத் துளைக்கிற மாதிரி ஒரு புள்ளி. நானும் வீம்பாக, புள்ளி வைத்தே பதில் எழுதினேன். டிரையரைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே எழுதவில்லை. அவளாகத் துணியை வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள். நான் குனிந்து குனிந்து நடந்தேன்.

புதன்கிழமை சீட்டு கொஞ்சம் நீளமாக இருந்தது. ‘அக்கா ஊரில் எங்கள் லேப் புதுக் கிளை திறக்கிறது. மூன்று மாதம் அங்கே வேலை. ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை நாலு மணி பஸ்.’

அவள் அறைக்குள்தான் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. நாலு எட்டு வைத்துப் போய், போகாதே என்று சொல்லியிருக்கலாம். நான் பேனாவை எடுத்து அதற்குக் கீழே ‘சரி.’ என்று எழுதினேன். புள்ளி வைத்து எழுதினேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது. ஆனால் அதே கையால்தான் மறுநாளும் பல் தேய்த்தேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை நாள். நான் கிளம்பும்போது கூடத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று மூடியிருந்தது, ஒன்று பாதி திறந்திருந்தது. உள்ளே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போகும் துணியைத் துவைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து, கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு சாத்திக்கொண்டு போனேன்.

எங்கள் பிரிவில் ஐந்து பேர். ஒரு மணிக்கு நான்கு பேர் சாப்பிடப் போய்விடுவார்கள், நான் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் உண்டு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, யார் பேசுவதை வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம் என்பதற்காகவே சம்பளம் வாங்குகிற அம்மா. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காது. அவர் கேட்க ஆரம்பித்தால் எங்கள் போனில் பச்சை விளக்கு எரியும். பச்சை எரியும்போது அட்டையில் இல்லாத ஒரு ‘ம்’ கூட எங்கள் வாயிலிருந்து வராது.

ஒன்று பத்துக்கு ஒரு போன் வந்தது. திரையில் எண்ணைப் பார்த்தேன். என் மனைவியின் எண்.

என் கைபேசி பக்கத்திலேயே கிடந்தது. அதற்குப் போன் செய்தால் அவள் முதலில் பேசின மாதிரி ஆகிவிடும். மெஷின் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் அது கம்பெனியிடம் பேசுவது. ஊசி குத்துகிறவளுக்கு நரம்பு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். போனை எடுத்தேன். அதே நொடி பச்சை விளக்கு எரிந்தது.

“வணக்கம் மேடம், சொல்லுங்க. உங்களுக்கு எப்படி உதவலாம்?”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம். “டிரையர் ஓடுது. சூடும் வருது. துணி காயல. பாதியில தானா நின்னுடுது.”

“உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனசார மன்னிப்பு கேட்டுக்கறேன் மேடம்.”

இது அட்டையின் தலைப்பிலேயே இருக்கிற வாசகம். ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிறேன். பல் குத்திக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

“சரியா கேக்கல சார்,” என்றாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது ‘மன்னிப்பு’ என்ற இடத்தை அட்டையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்த வார்த்தையை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ‘நீங்க’ என்று அவளைச் சொன்னதும் முதல் தடவைதான்.

பெயர் கேட்க வேண்டும், அதுவும் விதி. கேட்டேன். முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள். அது அவள் அப்பாவின் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு மாறிய எழுத்து, ஒன்பதே நாளில் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது. நான் அதை அப்படியே தட்டச்சு செய்தேன். முகவரி கேட்டதற்கு, கதவு எண், தெரு எல்லாம் சொல்லி, இரண்டாவது மாடி, வீட்டில் இப்போது ஒரே ஆள்தான் என்று முடித்தாள். அந்தக் கடைசிப் பகுதியைத் தட்டச்சு செய்ய இடமில்லை.

பிளக் சொருகியிருந்தது. கதவைச் சாத்தி, கிளிக் சத்தத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தே கேட்கவைத்தாள். பட்டன் சரி. துணி பாதி டிரம்தான். பாக்கெட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டாள், ஒரு பேனாவும் இரண்டு பஸ் டிக்கெட்டும் கிடைத்தன. எட்டு வருடத்தில் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்ன வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. இடையில், எண் போடாத ஒரு கேள்வி வரும், மெஷினை இதற்கு முன்னால் வேறு யாராவது பார்த்தார்களா என்று.

“வீட்ல ஒருத்தர் இருக்கார்,” என்றாள். “டிரையர்ல அவருக்குத் தெரியாததே இல்லைன்னு பேர். அவர் மெஷினைப் பார்க்கல சார். என்னைத்தான் பார்த்தார், பொய்க்காரியைப் பார்க்கிற மாதிரி.”

நான் கண்ணாடி அறையைப் பார்த்தேன். காது தலையை நிமிர்த்தியிருந்தார்.

அட்டையில் என் விரல் ஆறாம் கேள்விக்கு வந்து நின்றது. கேட்காமல் தாண்டலாமா என்று பார்த்தேன். பச்சை விளக்கு கண்ணைக் கொட்டாமல் எரிந்தது.

“ஃபில்டரைச் சுத்தம் பண்ணீங்களா, மேடம்?”

அவளுக்குப் பின்னால் குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதை நான்தான் சரி செய்வதாகச் சீட்டில் எழுதியிருந்தேன்.

“பண்ணினேன்,” என்றாள். “ஒவ்வொரு தடவையும்.”

அடுத்த வரி என்னுடைய வரி. இப்போது ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா? கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படிக்கப் படிக்க எனக்கே என்மேல் அருவருப்பாக வந்தது. மரியாதையாக முகத்தில் காறித் துப்புகிற வரி அது. அதற்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்.

“சரிங்க,” என்றேன். “நம்பறேன்.”

கண்ணாடி அறைக்குள் காது எழுந்து நின்றார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சின மாதிரி இருந்தது. ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

ஏழாவது கேள்விக்குப் போனேன். பின்பக்கக் குழாய் மடங்கியிருக்கிறதா, வெளிவாய் அடைத்திருக்கிறதா? அறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சுவரெல்லாம் வேர்த்திருக்கிறது, மெஷின் தொட முடியாத சூடு என்றாள். ஈரக் காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது, சூடு எல்லை மீறியதும் மெஷின் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அட்டையிலேயே இருக்கிறது. குழாயின் வெளிவாய் என்று வாசித்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்தாள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார். பூந்தொட்டிகளைப் பிள்ளைகளாக வளர்க்கிற மனிதர். உங்கள் குழாயிலிருந்து பஞ்சு பறந்து என் செடிகளுக்கெல்லாம் நரை விழுந்துவிட்டது என்றார். நான் டிரையர் கம்பெனி ஆள் என்று அவருக்குத் தெரியும். ‘இவ்வளவுதானே’ என்று ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பழைய கொசுவலையை இரண்டு மடிப்பாக மடித்துக் குழாய் வாயில் இறுக்கிக் கட்டினேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மாடிப்படியில் பார்த்தால் எனக்குச் சல்யூட் அடிக்கிறார். அந்தச் சல்யூட் மட்டும் நினைவிருந்தது, வலை மறந்துபோனது.

இரண்டு மாதப் பஞ்சு அதில் அடைந்திருக்கும். அவள் ஒவ்வொரு தடவையும் ஃபில்டரைச் சுத்தம் பண்ணியிருக்கிறாள். அடைத்தவன் நான்.

வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு இன்னொரு நினைப்பு வந்தது. மணி ஒன்றரை. நாலு மணி பஸ்ஸுக்கு அவள் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். துணி ஈரமாக இருந்தால் பெட்டியை மூட முடியாது. அட்டையில் பதினோராம் கேள்விக்குக் கீழே, ‘மூன்று நாளில் மெக்கானிக் வருவார்’ என்று ஒரு வாசகம் இருக்கிறது. அதைச் சொன்னால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, காதுகூடச் சொல்ல முடியாது. அவள் போக மாட்டாள். எட்டு வருடத்தில் ஒரு டிரையர் ஓடக் கூடாது என்று நான் ஆசைப்பட்டது அன்றுதான்.

வாசகம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நம்பறேன் என்று சொல்லி முழுசாக ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவளைப் பொய்க்காரி ஆக்கியவன், இப்போது நானே அவளிடம் பொய் சொல்லி அவளை நிறுத்திவைக்கப் பார்க்கிறேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

“மேடம், ஸ்டூல் போட்டு ஏறி, ஜன்னல் வழியா வெளியே பாருங்க,” என்றேன். “குழாய் வாயில ஒரு கொசுவலை கட்டியிருக்கும். அதைக் கட்டினது நான். சொல்ல மறந்துட்டேன். தப்பு மெஷின் மேல இல்ல. உங்க மேல சத்தியமா இல்ல.”

அவள் போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். ஸ்டூல் இழுபடுவது, ஜன்னல் கொக்கி, பிறகு இழுப்பறை திறந்து மூடுவது எல்லாம் கேட்டது. பச்சை விளக்கைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

“அவிழ்க்க முடியல,” என்று திரும்பி வந்து சொன்னாள். “நீங்க போட்ட முடிச்சாச்சே. கத்தரிக்கோலால வெட்டினேன். உள்ள ஒரு தலையணைக்கு ஆகிற பஞ்சு இருக்கு.”

‘சார்’ காணாமல் போயிருந்ததைக் கவனித்தேன். மெஷின் ஆறக் கால் மணி நேரம் ஆகும், விருப்பப்பட்டால் போனை வைத்துவிட்டு அப்புறம் முயற்சி செய்யலாம் என்று அட்டைப்படி சொன்னேன். இருக்கேன் என்றாள். அந்தக் கால் மணி நேரம் நாங்கள் அதிகமாக ஒன்றும் பேசவில்லை. எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டாள், பூந்தொட்டிக்காரர் கதையைச் சொன்னேன். சல்யூட்டைச் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அவளாகவே, காலையிலிருந்து நான்கு தடவை இந்த எண்ணுக்குப் போன் செய்ததாகவும், வேறு யாரோ எடுத்ததால் வைத்துவிட்டதாகவும் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் காலை முழுக்க, எவனோ போன் செய்துவிட்டுப் பேசாமல் வைக்கிறான் என்று திட்டிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பட்டனை அழுத்தினாள். டிரம் சுற்றும் சத்தம் கேட்டது. வெளியே காற்று புசுபுசுவென்று போகிறது, கையில் சூடாகப் படுகிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

அட்டையில் மிச்சம் இருந்தது ஒரு வாசகம்தான். “வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

“உதவி வேணாம். ஒரு விஷயம் மட்டும் சொல்லணும்.” அவள் குரல் இறங்கியது. “என் துணியெல்லாம் நேத்தே கயித்துல காஞ்சு பெட்டிக்குள்ள போயாச்சு. உள்ள சுத்தறது உங்க சட்டை. பன்னெண்டும். நீங்க வேலைக்குப் போட்டுக்க ஒண்ணுகூட வெளுத்தது இல்லாம விட்டுட்டுப் போக மனசு வரல.”

போனை வைத்துவிட்டாள்.

நான் காதில் மாட்டியதைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் வாசகத்தைச் சொல்லியிருந்தால், என் சட்டைகள்தான் ஈரமாகக் கிடந்திருக்கும். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. காது என் மேசைக்கு வந்து நின்றார். நானும் எழுந்தேன். ஆறாம் கேள்வியில் இரண்டாவது வரியைச் சொல்லவில்லை, அட்டையில் இல்லாததை நிறையப் பேசினீர்கள் என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று கேட்டார். நாலு மணி பஸ் என்றேன். அவர் என் காதிலிருந்து கருவியைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பையை எடுப்பதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது. பிளக் சொருகியிருக்கிறதா என்று அவர் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவு, வாசல் வரைக்கும் கேட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். அவள் அந்தச் சின்ன அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் இரண்டு பெட்டிகளும் மூடியிருந்தன. ஒன்பது நாளாக இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை.

“நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“இப்படியே பேசுங்க, நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

மெஷின் மணியடித்து நின்றது. சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டோம். நான் மடித்தேன், நான் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடித்தாள். ஐந்தாவது சட்டையில் எனக்குத் தைரியம் வந்தது. சட்டையைப் பார்த்துக்கொண்டே, போகாதே என்றேன். எழுதிக் கொடுத்தாயிற்று, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும், அங்கேயும் குத்திக்கொள்ள ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்றாள். சொன்ன விதத்தில் கோபம் இல்லை. புதன்கிழமை கேட்டிருக்க வேண்டியதைச் சனிக்கிழமை கேட்கிறவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? அடுத்த சட்டையை எடுத்தேன்.

பன்னிரண்டாவதை மடிக்கும்போது மணி மூன்று பதினைந்து. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்கு அக்கா ஊருக்கு ஒரு பஸ் உண்டு. அது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த சட்டையின் காலரை விரலால் நெருடிப் பார்த்தாள்.

“காலர்ல இன்னும் ஈரம் இருக்கு,” என்றாள். “எல்லாத்தையும் இன்னொரு சுத்து விடணும்.”

நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். சுடச்சுட, மொறமொறவென்று காய்ந்திருந்தது.

“ஆமா,” என்றேன். “நல்ல ஈரம்.”